முதல் சுற்றில் எந்தக் கார்னர்பேக்? நான்கு வகை ஆட்டக்காரர்கள், ஓர் ஒப்பீடு

2022 என்.எஃப்.எல். டிராஃப்ட்டில் (அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) பஃபலோ பில்ஸ் அணி இரண்டு கார்னர்பேக்குகளை (பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களைக் காக்கும் தற்காப்பு ஆட்டக்காரர்கள்) எடுத்தது. முதல் சுற்றில் 25-ஆம் இடத்திலிருந்து 23-க்கு ஏற நான்காம் சுற்றுத் தேர்வொன்றைக் கொடுத்து, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் கையர் ஈலமை எடுத்தார்கள். ஆறாம் சுற்றில், 185-ஆவது ஆளாக, இரண்டாம் மட்டக் கல்லூரி ஆட்டத்தில் இருக்கும் வில்லனோவாவிலிருந்து கிறிஸ்டியன் பென்ஃபர்ட் வந்தார். 2025 மார்ச்சில் பென்ஃபர்டுக்குப் பஃபலோ நீண்ட ஒப்பந்தம் கொடுத்தது. அதே மாதம் ஈலமை டாலஸுக்கு அனுப்பிவிட்டது.

ஈலம் வேகம் குறைந்தவரல்ல. 40 யார்டை 4.39 வினாடியில் ஓடியவர். ஆனால் கல்லூரியில் அவர் ரிசீவரை ஒட்டி நின்று, உடலோடு மோதிக் காத்தவர். அன்றைய பஃபலோவோ பெரும்பாலும் தள்ளி நின்று, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படித்து ஸோன் (ஆளை அல்ல, ஒரு பகுதியைக் காக்கும் முறை) ஆடிய அணி. அந்த வேலைக்குப் பென்ஃபர்டின் பொறுமையும் டேக்கிளும் (பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து வீழ்த்துவது) சரியாகப் பொருந்தின.

ஏப்ரல் நெருங்கும்போது வாசகர்கள் கேட்பது “இந்த ஆண்டின் சிறந்த கார்னர் யார்?” என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் அணி தன் வெளிக் கார்னரை (எல்லைக்கோட்டுப் பக்கம் நிற்பவரை) ஒரு ஆட்டத்தில் என்ன செய்யச் சொல்கிறது? அதற்குப் பதில் தெரியாதவரை எந்தத் தரவரிசைப் பட்டியலும் உதவாது.

## எதை வைத்து எடை போடுவது

இடுப்பு. கார்னரின் முதல் சொத்து இதுதான். பின்னோக்கி நகர்பவர் ரிசீவருடன் திரும்பி ஓடத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் அவருக்கு எத்தனை காலடி தேவைப்படுகிறது என்று பாருங்கள். ஒரே அசைவில் திரும்புகிறவர் ரிசீவரின் தோளிலேயே இருப்பார். இரண்டு மூன்று காலடி கூடுதலாக எடுப்பவர் கல்லூரியில் வேகத்தால் அதை ஈடுகட்டியிருக்கலாம், என்.எஃப்.எல். ரிசீவர் அந்த அவகாசத்தைத் தரமாட்டார். 40 யார்டு நேரத்தில் இது தெரியாது. திசை மாற்றி ஓடும் சோதனைகளான மூன்று கூம்பு ஓட்டமும் குறுகிய ஷட்டிலும் ஓரளவு காட்டும். கார்னர்களில் பலர் இந்த இரண்டையும் ஓடாமலே விட்டுவிடுகிறார்கள் என்பதால் கடைசியில் வீடியோதான் கதி.

பந்து வந்து சேரும் கணம். ரிசீவரின் இடுப்போடு ஒட்டி ஓடியும், பந்து வரும்போது தலையைத் திருப்பாமல் கையை வீசுகிறவருக்கு பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பந்தைப் பிடிக்கவிடாமல் தடுத்ததற்கான அபராதம்) விழும். இதைக் கற்றுக்கொடுத்துச் சரிசெய்வது மிகக் கடினம்.

இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) எண்ணிக்கை. இதற்குத்தான் ரசிகர்கள் அளவுக்கு மீறி மதிப்புக் கொடுக்கிறார்கள். ஒரு ஆட்டத்தில் தற்காப்புக்கு 60 முதல் 70 ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்). பாஸ் அதில் பாதியோ சற்று அதிகமோ. ஒரு வெளிக் கார்னரை நோக்கிப் பந்து வருவது நான்கைந்து தடவை. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒரு பந்து கையில் விழுவதும் நழுவுவதும் பெரும்பாலும் வாய்ப்பைப் பொறுத்தது. டெரெக் ஸ்டிங்லி 2019-இல் எல்.எஸ்.யு.வின் (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) முதலாண்டு மாணவராக 6 இன்டர்செப்ஷன் எடுத்தார். அடுத்த இரண்டு சீசனிலும் ஒன்றுகூட இல்லை. ஹூஸ்டன் அவரை 2022-இல் 3-ஆவது இடத்தில் எடுத்தது. 2024-இல் அவர் ஆல்-ப்ரோ (லீக்கின் அந்த ஆண்டுச் சிறந்தவர்கள் பட்டியல்) முதல் அணியில் இருந்தார். பந்து வராத ஸ்னாப்புகளில் அவர் நின்ற இடத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுழியம் உறுத்தியிருக்காது.

உடல். வெளியே ஆடுகிறவருக்குக் கை நீளம் 31 அங்குலம் இருந்தால் நிம்மதி. 30-க்குக் கீழே போனால் அவர் உள்ளே, ஸ்லாட்டில் (வெளி ரிசீவருக்கும் முன்வரிசைக்கும் இடைப்பட்ட இடம்), ஆடுவாரா என்ற கண்ணோடும் பார்க்க வேண்டும். பயிற்சியாளர் பீட் கரோல் காலத்து ஸியாட்டில் நீண்ட காலம் 32 அங்குலத்தை எல்லைக்கோடாகவே வைத்திருந்தது. எடை 180 பவுண்டுக்குக் கீழே இருந்தால், 220 பவுண்டு ரிசீவரை ஒற்றைக்கு ஒற்றை நிறுத்திய காட்சிகளைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

40 யார்டு. வெளிக் கார்னருக்கு 4.50 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் பின்னால் ஒரு சேஃப்டியின் (கடைசி வரிசைக் காவலர்) துணை தேவைப்படும். ப்ரோ டே (கல்லூரி தன் ஆட்டக்காரர்களுக்கு நடத்தும் சோதனை நாள்) நேரத்தையும் இண்டியானாபொலிஸ் கம்பைன் (லீக் நடத்தும் பொதுச் சோதனை) நேரத்தையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கையால் எடுக்கும் கடிகாரம் எப்போதும் ஆட்டக்காரர் பக்கம் சாயும்.

## கல்லூரி வீடியோ ஏமாற்றும் மூன்று இடங்கள்

விதிகள் வேறு என்பதால், கல்லூரியில் பார்த்ததை அப்படியே என்.எஃப்.எல்.லுக்குக் கொண்டுபோக முடியாது.

முதலாவது, தொடுதல். என்.எஃப்.எல்.லில் 5 யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தடுத்துத் தள்ளினால் 5 யார்டு அபராதமும் தானாகவே ஒரு ஃபர்ஸ்ட் டவுனும் (எதிரணிக்குப் புதிதாக நான்கு முயற்சிகள்). கல்லூரியில் இந்த 5 யார்டு விதி கிடையாது. பந்து காற்றில் ஏறும்வரை எதிரே வருகிறவரை மறிக்க இடமுண்டு. ஆகவே ஒட்டி நின்று மறிக்கும் பிரெஸ் கார்னரின் வீடியோவைப் பார்க்கும்போது, 8, 10 யார்டு தூரத்தில் அவர் கை எங்கே இருக்கிறது என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கல்லூரி நடுவர் கொடி வீசாத பல ஸ்னாப்புகள் என்.எஃப்.எல்.லின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எதிரணிக்கு ஃபர்ஸ்ட் டவுன் ஆகிவிடும்.

இரண்டாவது, அபராதத்தின் அளவு. கல்லூரியில் பாஸ் இன்டர்ஃபியரன்ஸுக்கு அதிகபட்சம் 15 யார்டு. அதனால், தான் தோற்றுவிட்டதை உணர்ந்த கார்னர் ரிசீவரை வேண்டுமென்றே பிடித்து இழுத்தாலும் கணக்கு அவருக்கு லாபம். என்.எஃப்.எல்.லில் தவறு நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும்; 40 யார்டு தூரத்தில் இழுத்தால் 40 யார்டும் போகும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை: ஹாஷ் கோடுகள் (பந்தை எந்த அகலத்துக்குள் வைத்துத் தொடங்கலாம் என்று காட்டும் நடுக் குறிகள்). கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹாஷ்களுக்கும் இடையே 40 அடி, என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருக்கும்போது, குறுகிய பக்கத்துக் கார்னர் காக்க வேண்டியது 20 யார்டு அகலம். அகலமான பக்கத்தில் இருப்பவருக்கு 33 யார்டு. என்.எஃப்.எல்.லில் அதே நிலையில் ஏறத்தாழ 24, 30. சில கல்லூரி அணிகள் ஒரு கார்னரைச் சீசன் முழுவதும் குறுகிய பக்கத்திலேயே நிறுத்தும். எல்லைக்கோட்டைத் துணையாக வைத்து ஆடிப் பழகிய அவருக்கு, என்.எஃப்.எல்.லில் திடீரென்று கூடுதலாக நாலு யார்டு காலி இடத்தைக் காக்க வேண்டிவரும். ஒருவர் எந்தப் பக்கம் அதிகம் நின்றார் என்று எண்ணாமல் அவருடைய தடுப்புச் சதவீதத்தை எடுத்துப் பேசுவது வீண்.

எத்தனை ஆட்டம் பார்ப்பது? ஐந்து போதும், தேர்ந்தெடுத்துப் பார்த்தால். அவர் சந்தித்த மிகச் சிறந்த ரிசீவர், அவருடைய மிக மோசமான ஆட்டம், ஓட்டத்தையே நம்பும் எதிரணி ஒன்று, சீசனின் கடைசி ஆட்டம், முந்தைய ஆண்டில் ஒன்று. ஒவ்வொரு பாஸ் ஸ்னாப்புக்கும் நான்கு குறிப்பு: எவ்வளவு தள்ளி நின்றார், ரிசீவரின் உள்பக்கமா வெளிப்பக்கமா, முதல் அடி எங்கே போனது, பந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். கடைசிக் குறிப்பை எழுத மைதானம் முழுவதும் தெரியும் கோணம் வேண்டும். தொலைக்காட்சி ஒளிபரப்பில் கார்னர் பாதி நேரம் திரைக்கு வெளியே இருப்பார்.

## வகை 1: ஒட்டி நிற்கும் நீளமான பிரெஸ் கார்னர்

சாஸ் கார்ட்னர், பேட்ரிக் சர்டெய்ன், ஜேசி ஹார்ன் இந்த வகை. ஆறடிக்கு மேல் உயரம், நீண்ட கை, ரிசீவரின் மூக்கு முன்னால் நின்று முதல் இரண்டு அடியைக் கெடுப்பது வேலை. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆடிய மூன்று ஆண்டிலும் கார்ட்னர் காவலில் ஒரு டச்டவுன்கூட விழவில்லை. 2022-இல் ஜெட்ஸ் 4-ஆவது இடத்தில் எடுத்தது. முதல் ஆண்டே சிறந்த புதிய தற்காப்பு ஆட்டக்காரர் விருதும் ஆல்-ப்ரோ இடமும் வந்தன.

இந்த வகையில் பார்க்க வேண்டியது கையின் பலத்தை அல்ல, காலின் பொறுமையை. கபடியில் பாடி வருகிறவர்மேல் அவசரப்பட்டுப் பாயும் காவலரைப் போல, ரிசீவர் தோளை அசைத்ததுமே முன்னால் பாய்கிற கார்னர் சமநிலையை இழந்துவிடுவார். நல்லவர் சின்ன அடிகளாகப் பக்கவாட்டில் நகர்ந்து, ரிசீவர் ஒரு திசையை முடிவு செய்த பிறகுதான் கை வைப்பார். அதுவும் ஒரு கை. இரண்டு கையையும் நீட்டிப் பாய்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மறைந்திருக்கும் செலவு அபராதங்களில் இருக்கிறது. முதல் ஆண்டில் கொடிகள் விழத்தான் செய்யும். பயிற்சியாளர் அதற்காக அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தால், எடுத்த நோக்கமே கெட்டுவிடும். இன்னொன்று, பெரும்பாலும் ஸோன் ஆடும் அணியில் இவருடைய விலையில் பாதி வீணாகும். பஃபலோவில் ஈலமுக்கு நடந்தது அதுதான்.

குவார்ட்டர்பேக்மேல் முன்வரிசை நால்வர் பாய்வதை மட்டும் நம்பாமல் அடிக்கடி பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களின் பாய்ச்சல்) அனுப்பி, பின்னால் ஒற்றைக்கு ஒற்றை விடும் அணிக்கு இவரைத் தவிர வேறு வழியில்லை. முதல் பத்துத் தேர்வுக்குள் எடுக்கத் தகுதியான ஒரே வகையும் இதுதான் என்பது எங்கள் கருத்து.

## வகை 2: தள்ளி நின்று படிக்கும் ஸோன் கார்னர்

7, 8 யார்டு தள்ளி நின்று, ரிசீவர் வழியாகக் குவார்ட்டர்பேக்கைப் பார்த்து, பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே பாய்கிறவர். கவர் 3, கவர் 4 (பின்புறத்தை மூன்று, நான்கு பகுதிகளாகப் பிரித்துக் காக்கும் முறைகள்) ஆடும் அணிகளுக்கு உரியவர். பின்காலை ஊன்றி முன்னால் பாய எத்தனை நேரம் எடுக்கிறார் என்பதுதான் இங்கே சோதனை. ஊன்றிய கால் வழுக்காமல், தலை மேலெழும்பாமல் பாய வேண்டும். ஓட்டத்தின்போது வெளி விளிம்பைக் காப்பதும் இவர் பொறுப்பு என்பதால் டேக்கிள் இங்கே விருப்பத்துக்குரிய திறமை அல்ல, கட்டாயம்.

ஆபத்து, இன்டர்செப்ஷன் எண்ணிக்கை பளபளப்பாகத் தெரிவது இந்த வகையில்தான். இம்மானுவேல் ஃபோர்ப்ஸ் மிசிசிப்பி ஸ்டேட்டில் 14 இன்டர்செப்ஷன் எடுத்து, அவற்றில் ஆறைத் திருப்பி ஓடி டச்டவுன் ஆக்கினார். கல்லூரி உயர்மட்டத்தில் அது சாதனை. கம்பைனில் அவர் எடை 166 பவுண்டு. 2023-இல் வாஷிங்டன் அவரை 16-ஆவது இடத்தில் எடுத்தது; அடுத்த தேர்விலேயே நியூ இங்கிலாந்து, 197 பவுண்டு கிறிஸ்டியன் கான்சாலஸை எடுத்தது. ஃபோர்ப்ஸ் முதல் சீசனிலேயே ஆரம்ப வரிசையை இழந்தார், 2024 நவம்பர் இறுதியில் விடுவிக்கப்பட்டார். கான்சாலஸ் அதே 2024-இல் ஆல்-ப்ரோ இரண்டாம் அணிக்கு வந்தார். பந்தைப் பிடிக்கும் உள்ளுணர்வு உண்மையானதுதான். ஆனால் பெரிய ரிசீவர் உடலைக் குறுக்கே வைத்து மறித்தால் பந்தை எட்டவே முடியாது.

தள்ளி நின்று ஆடியதாலேயே ஒருவருக்கு ஒட்டி நிற்கத் தெரியாது என்றும் முடிவுகட்டக் கூடாது. டொலீடோ பல்கலைக்கழகத்தில் குவின்யன் மிட்செல் பெரும்பாலும் தள்ளி நின்றவர். மொபைல் நகரத்துச் சீனியர் பவுல் (டிராஃப்ட்டுக்கு முன் கல்லூரி ஆட்டக்காரர்கள் ஆடிக்காட்டும் ஆட்டம்) பயிற்சிகளில் பெரிய கல்லூரி ரிசீவர்களை ஒற்றைக்கு ஒற்றை நிறுத்திக் காட்டியதும் சந்தேகம் விலகியது. 2024-இல் ஈகிள்ஸ் 22-ஆவது இடத்தில் எடுத்தது.

ஸோன் கார்னர்கள் நடுச் சுற்றுகளில் கிடைப்பார்கள். உங்கள் அணி இவரைத்தான் தேடுகிறது என்றால், முதல் சுற்றை வேறு இடத்துக்குச் செலவிடுவது பெரும்பாலும் சரி.

## வகை 3: உள்ளே ஆடும் ஸ்லாட் கார்னர்

இதை இரண்டாம்தர வேலையாக நினைத்த காலம் போய்விட்டது. ஐந்து பின்வரிசைக்காரர்களோடு ஆடும் நிக்கல் அமைப்புத்தான் இன்று பெரும்பாலான அணிகளின் அன்றாட அமைப்பு. உள்ளே நிற்பவருக்கு எல்லைக்கோட்டின் துணை கிடையாது. ரிசீவர் இரண்டு பக்கமும் உடைந்து ஓடலாம். அதோடு ஓட்டத் தடுப்பும் பிளிட்ஸும் இவர் தலையில்.

ட்ரென்ட் மெக்டஃபியின் கை நீளம் 30 அங்குலத்தைத் தொடவில்லை. 2022-இல் கன்சாஸ் சிட்டி அவருக்காக 21-க்கு ஏறி வந்தது. 2023-இல் ஆல்-ப்ரோ முதல் அணி. அயோவாவின் கூப்பர் டிஜீன் கால் எலும்பு முறிவோடு டிராஃப்ட்டுக்கு வந்து 2024-இல் 40-ஆவது இடம்வரை இறங்கினார். முதல் சீசனிலேயே சூப்பர் பவுலில் இன்டர்செப்ஷன் எடுத்து டச்டவுன் ஆக்கினார்.

இவர்களிடம் மறைந்திருக்கும் செலவு பாடத்திட்டம். நிக்கல் நிற்பவர் சேஃப்டியோடும் லைன்பேக்கரோடும் ஸ்னாப்புக்கு முன்னால் பேசிக் காவலை மாற்ற வேண்டும். கல்லூரியில் வெளியே மட்டும் நின்றவரை “உயரம் குறைவு, அதனால் உள்ளே போடலாம்” என்று எடுத்தால் ஒரு முழு ஆண்டு குழப்பத்தில் போகும். கல்லூரியிலேயே உள்ளே ஆடிய ஸ்னாப்புகள் நூறாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

## வகை 4: இன்னும் பழுக்காத வேகக்காரர்

பெரும்பாலும் ரிசீவராகத் தொடங்கி கார்னராக மாறியவர். உடலும் வேகமும் அபாரம், நுட்பம் பாதி. 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் ரிச்சர்ட் ஷெர்மன் 154-ஆவது இடம். 2022-இல் டாரிக் வூலன் 153. இருவரையும் எடுத்தது ஸியாட்டில்; இருவரும் முன்னாள் ரிசீவர்கள். வூலன் 6 அடி 4 அங்குலம், 40 யார்டு 4.26. முதல் ஆண்டே 6 இன்டர்செப்ஷனோடு லீக்கின் முதலிடத்தைப் பகிர்ந்தார்.

இந்த இரண்டு பெயர்களையும் வைத்து எல்லா உயரமான வேகக்காரரையும் நம்பிவிடக் கூடாது. ஸியாட்டில் அந்த உடலமைப்புக்கென்றே ஒரு காலடி முறையைக் கற்றுக்கொடுத்து, பின்னால் சேஃப்டியின் துணையோடு ஆடவிட்டது. அத்தகைய பயிற்சியாளர் இல்லாத அணியில், நான்கு ஆண்டுப் புதியவர் ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு கற்றுக்கொள்வதிலேயே போகும். அதனால் மூன்றாம் சுற்றுக்கு முன்னால் எடுக்க வேண்டாம்.

| | பிரெஸ் | ஸோன் | ஸ்லாட் | பழுக்காதவர் |
|---|---|---|---|---|
| முதலில் பார்ப்பது | பொறுமையான கால் | ஊன்றிப் பாய்தல், டேக்கிள் | இருபக்க அசைவு | கை நீளம், வேகம் |
| பொறுக்கக்கூடிய குறை | குறைந்த இன்டர்செப்ஷன் | 4.5-ஐ ஒட்டிய ஓட்டம் | குட்டைக் கை | கரடான காலடி |
| பொறுக்க முடியாதது | 10 யார்டில் பிடித்து இழுப்பது | தவறும் டேக்கிள் | ஓட்டத் தடுப்பில் தயக்கம் | மோதலுக்கு அஞ்சுவது |
| தயாராகும் காலம் | முதல் ஆண்டு, கொடிகளோடு | முதல் ஆண்டு | பழகியவர் என்றால் உடனே | பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு |
| சரியான சுற்று | 1 | 2 முதல் 4 | 1-இன் பின்பாதி, 2 | 3 முதல் 5 |

## இருவர் சமமாக நின்றால்

முதலில் உங்கள் அணியின் முன்வரிசையைப் பாருங்கள். இரண்டரை வினாடிக்குள் குவார்ட்டர்பேக்கை அவசரப்படுத்தும் அணியில் ஸோன் கார்னர் தைரியமாகக் குறுகிய ரூட்டுகள்மேல் பாயலாம். நீண்ட பந்துக்கு நேரமே இருக்காது. அழுத்தம் வர மூன்றரை வினாடி ஆகும் அணியில் அதே ஆள் தனியாக மாட்டிக்கொள்வார். அங்கே பிரெஸ் கார்னர் ரிசீவரின் தொடக்கத்தைக் கெடுத்து வாங்கித்தரும் அரை வினாடி பெரிய சொத்து. அடுத்தது சேஃப்டி. மைதானத்தின் நடுவைத் தனியாகக் காக்கக்கூடியவர் இருந்தால் 4.50-ஐத் தாண்டி ஓடுகிறவரையும் எடுக்கலாம்.

## காயத்தால் விலை இறங்கியவர்

இது தனி வகை அல்ல; மேலே சொன்ன நால்வரில் யாராகவும் இருக்கலாம். எந்த உறுப்பு என்பதுதான் முக்கியம். எலும்பு முறிவு பொதுவாகக் குணமாகிவிடும். டிஜீன் அதற்குச் சாட்சி. முதுகும் குதிகாலின் அகில்லீஸ் தசைநாரும் வேறு. வர்ஜீனியா டெக்கின் கேலப் ஃபார்லிக்கு டிராஃப்ட்டுக்கு முந்தைய மாதம் முதுகு அறுவை நடந்திருந்தது. 2021-இல் டென்னஸி 22-ஆவது இடத்தில் எடுத்தது. முழங்காலும் போய், முதுகும் திரும்ப வந்து, அவரால் அங்கே நிலைக்கவே முடியவில்லை. 2017-இல் சிட்னி ஜோன்ஸின் அகில்லீஸ் அவருடைய ப்ரோ டேயிலேயே அறுந்தது. ஈகிள்ஸ் 43-இல் எடுத்தது, எதிர்பார்த்த ஆட்டம் வரவில்லை. பின்னோக்கி ஓடி, ஊன்றி, வெடித்துக் கிளம்புவதுதான் கார்னரின் பிழைப்பு. அந்த மூன்றுக்கும் சுமை முதுகிலும் அகில்லீஸிலும்தான் விழுகிறது.

ஒப்பந்தக் கணக்கும் இதில் சேரும். முதல் சுற்றில் எடுத்தால் ஐந்தாம் ஆண்டு விருப்பம் (நான்கு ஆண்டு ஒப்பந்தத்தை ஓர் ஆண்டு நீட்டும் உரிமை) அணியின் கையில் உண்டு. அதை மூன்றாம் சீசன் முடிந்த பின் வரும் மே மாதத் தொடக்கத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். முதல் சீசன் சிகிச்சையில் போனால், இரண்டே சீசன் ஆட்டத்தைப் பார்த்து, முழு உத்தரவாதத்தோடு அந்தத் தொகையை எழுதிக்கொடுக்க நேரும். இரண்டாம் சுற்றில் அந்த விருப்பமே கிடையாது. ஒரு ஆண்டு போனால் மீதி மூன்றுதான். ஆகவே காயப்பட்டவரை எடுக்க நினைக்கும் அணி முதல் சுற்றின் கடைசித் தேர்வுகளில் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. 28 முதல் 32 வரையிலான இடங்களுக்கும் 40-க்கும் ஆட்டக்காரர்களின் தரத்தில் பெரிய இடைவெளி இருக்காது, ஒப்பந்தத்தில் இருக்கிறது.